இருவர் மிதித்த வண்டி

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டி வந்தபொழுது, கல்லூரியின் பழம் பெருமைகளை எடுத்துரைக்க எம்மினும் தகுதி வாய்ந்த பழைய மாணவர் பலர் உளரெனக் கூறி ஒதுங்க முயன்றோம். அவர்கள் விட்டாரல்லர். "நீங்கள் நன்கு அறிந்த பொருளைப் பற்றி எழுதுங்கள்" என்றனர். நாம் நன்கு அறிந்த பொருள் ஒரு சைக்கிள். ஆதலின் அதனைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அது ஒருவர் ஏறிச் செல்லும் சைக்கிளன்று. ஒருவர் பின் ஒருவராய் இருவர் அமர்ந்து, இருவரும் மிதித்துச் செலுத்தும் இரட்டைச் சைக்கிள்.

ஒருவர் தம்மை 'நாம்' என்று எழுதுவது இத்தகைய மலர்களின் பழைய மரபு. எமக்கோ இங்கு மரபைக் காட்டிலும் வலுவான காரணம் ஒன்றுண்டு. இருபத்தைந்தாண்டுக்கு மேலாக அவ்வண்டியின் முன்னாசனத்தில் நாம் இருந்தோம். பின்னாசனத்திலே எம்முடன் இக்கல்லூரியில் ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் இருந்தார். அவ்வண்டியின் கதையை 'நான்' என்று தொடங்கி எழுதுதல் எம்மால் இயலாது.

ஆங்கிலர் இத்தகைய வண்டியை 'டான்டெம்' என்பர். சொல் லத்தீன் மொழிக்குரியது. நாம் படித்த காலத்திலே லத்தீன் கற்போர் தொகை குறைந்து வந்தது. எம் வகுப்பில் நால்வரே எஞ்சியிருந்தோம். அச்சொல்லுக்கு 'ஈற்றிலே', 'நெடுநேரம் சென்றபின்' என்று ஆசிரியர் பொருள் கூறினார். காலத்தின் நீளத்தைச் சுட்டிய அச்சொல்லை ஆங்கில நாட்டு விகடர் சிலர் 18ஆம் நூற்றாண்டிலே இடத்தின் நீளத்துக்கு ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாய்ப் பூட்டிய இரு குதிரைகள் இழுக்கும் வண்டிக்குப் பெயராக்கினர். அடுத்த நூற்றாண்டின் இறுதியில் இருவர் ஏறும் சைக்கிள் தோன்றியபோது பெயர் அதற்கும் சென்றது. நால்வருள் இருவர், நாமும் நண்பரும், பின்னாளில் அச்சொல்லின் மீதே ஏறி ஓடுவோமென்று அன்று எண்ணினோமில்லை.

நண்பருக்குக் கண் மங்கத் தொடங்கியதை முதலில் அறிந்தது எம் சைக்கிள் விளக்குத்தான் எனலாம். 1959ஆம் ஆண்டளவில், விவாத சங்கக் கூட்டம் முடிந்து இருளிலே வீடு திரும்பும்போதெல்லாம் அவர் எமக்குப் பின்னால் ஒட்டியே வருவார். முந்திச் செல்ல விரும்பும் வயதிலே பின் தங்கி வருகின்றாரே என்று நாம் கேலி செய்ததுண்டு. எம் விளக்கு வெளிச்சத்தைப் பற்றிக்கொண்டே அவர் வந்தாரென்பது பின்னரே தெரிந்தது. 1968இல் கொழும்பிலே கண் வைத்தியர் ஒருவர் உண்மையை உரைத்தார்: விழித்திரை சிறிது சிறிதாக அழிகின்றது, முதலில் இரவு போகும், பின்னர் பக்கங்கள் போகும், ஈற்றில் நடுவும் போகும், மருந்தில்லை. அப்படியே ஆயிற்று. கணித ஆசிரியராயிருந்த நண்பர் 1976இலே, கரும்பலகையில் தாம் எழுதியதைத் தாமே வாசிக்க முடியாமற் போனபோது, வேலையைத் துறந்தார். சைக்கிளை அதற்கு இரண்டாண்டு முன்னரே விட்டிருந்தார். வேலை போனதிலும் சைக்கிள் போனதே தமக்குப் பெருந்துயரென்று அவர் கூறினார். யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்தவர்க்கு அதனை விளக்க வேண்டுவதில்லை.

அக்காலத்திலே இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் புதிய சைக்கிளே அரிது. இரட்டைச் சைக்கிளுக்கு எங்கே போவது? எம் ஊர்ச் சந்தியிலே சைக்கிள் கடை வைத்திருந்த முதியவரிடம் சென்று கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்பு, "இரண்டு பழைய றலி கொண்டுவாரும் தம்பி, பாப்பம்" என்றார். முதற் சைக்கிளின் பின்பாகத்தையும் இரண்டாவதன் முன்பாகத்தையும் அறுத்து நீக்கி, குழாய்க்குள் குழாய் செருகி, பித்தளை உருக்கிப் பற்றவைத்தார். மின்சாரத்தாற் பற்றவைத்தால் மெல்லிய குழாய் வெந்து, பின்னர் ஒட்டின் அருகே வெடிக்குமென்பது அவர் கொள்கை. முதல் வெள்ளோட்டத்தில் வண்டி சாரைப்பாம்புபோல் நெளிந்தது. நீளம் கூடினால் முறுக்கும் கூடும். ஹாண்டில் பொருந்தும் தலைக்குழாயிலிருந்து பின் அச்சுவரை சாய்வாக இன்னொரு நீண்ட குழாயை இட்ட பின்னரே நெளிவு அடங்கிற்று.

இருவர் மிதிப்பையும் இணைப்பதற்கு இடப்பக்கத்தில் ஒரு செயின். பின்சில்லை உருட்டுவதற்கு வலப்பக்கத்தில் இன்னொன்று. வலப்பக்கக் கிராங்கை அப்படியே இடப்பக்கத்திற் பூட்டியிருந்தால், ஓட ஓடப் பெடல் கழன்று விழுந்திருக்கும். ஏனெனில் இடப்பெடலின் புரி எதிர்ப்புறம் சுற்றுவது. முதியவர் அதனை அறிந்து, இடக் கிராங்கிலேயே செயின்வீலைப் பற்றவைத்தார். நாம் இருவரும் பௌதிகம் படித்தவர்கள். அவர் ஐந்தாம் வகுப்பு. இந்தப் புரி விஷயம் எம்மிருவருக்கும் தோன்றவேயில்லை என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்வார்களாக.

இனி, இதனை ஓட்டும் முறையைச் சொல்வோம். ஒற்றைச் சைக்கிள் ஓட்டத் தெரிந்த இருவர் சேர்ந்தால் இரட்டைச் சைக்கிள் ஓட்டலாமென்று எண்ணுவது பிழை. முதல் நாள் எம் ஒழுங்கையின் இரு வேலிகளையும் மாறி மாறிக் கண்டோம். முன்னிருப்பவர் கனத்தவராகவும் பழகியவராகவும் இருத்தல் நன்று. அவர் வண்டியின் குறுக்கே இரு காலையும் அகல ஊன்றி, இரு பிறேக்கையும் இறுகப் பிடித்து நிற்க வேண்டும். கால்களை ஒடுக்கி நின்றால் பெடல் வந்து முழந்தாளின் கீழே கொத்தும். பின்னவர் ஏறி அமர்ந்து, கால்களைப் பெடலில் வைத்து, "சரி" என்ற பின்பே முன்னவர் அசைய வேண்டும். "மிதியும்" என்றதும் இருவரும் ஒருங்கே மிதித்தல் வேண்டும். ஒருவர் முந்தினாலும் வண்டி சரியும். நிறுத்தும்போது முன்னவர் கால் ஊன்றும்வரை பின்னவர் இறங்கலாகாது.

இருவர் பெடலும் ஒரே செயினாற் பிணைக்கப்பட்டமையால், முன்னவர் மிதிப்பதை நிறுத்தினாற் பின்னவர் காலும் நிற்கும். அறிவியாது நிறுத்தினால் முழங்கால் நோகும். ஆசனத்தில் அவர் நிலையும் குலையும். ஆதலின் எமக்குள்ளே சொற்கள் சில அமைந்தன. மிதிப்பதை விடுவதற்கு 'விடும்', மீண்டும் தொடங்குவதற்கு 'மிதியும்', குலுக்கல் வரின் 'கிடங்கு', திரும்புமிடம் 'முடக்கு', வேகம் தணிக்குமுன் 'பிடிக்கிறன்'. முடக்கிலே உட்புறத்துப் பெடல் மேலே நிற்க வேண்டும். கீழே நின்றால் நிலத்தில் உரசி வண்டியைத் தூக்கியெறியும். வலப்புறம் திரும்புகையில் முன்னவர் கையை எடுத்தல் ஆபத்து. நாம் சொல்ல, நண்பர் பின்னிருந்து வலக்கையை நீட்டுவார். கண் தெரியாத ஒருவர் காட்டும் சைகைக்குக் காங்கேசன்துறை வீதியிலே பஸ் வண்டிகள் வழிவிட்ட காட்சியை நினைந்து நாமிருவரும் பலமுறை சிரித்திருக்கிறோம்.

எம் குடாநாடு இத்தகைய வண்டிக்கென்றே சமைந்த நிலம். மேடு ஏறுதல் இரட்டைச் சைக்கிளுக்குக் கடினம். மட்டமான தரையிலோ இருவர் பலத்துக்கு ஏறத்தாழ ஒருவர் மீது படும் காற்றே தடையாதலின், எதிர்காற்றிலும் அது ஒற்றைச் சைக்கிளை முந்தும். ஆனால் பக்கக் காற்றை மதிக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களிலே பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்குச் செல்லும்போது நாம் ஹாண்டிலைத் தளரவிட்டதில்லை. பின்னிருப்பவர் திடீரென ஒருபுறம் சாய்ந்தாலும் வண்டி அப்புறமே போகும். நண்பர் அரிசி மூட்டைபோல அசையாதிருப்பார். "மூட்டைக்குக் கால் இருக்கிறது மட்டும் வித்தியாசம்" என்பார்.

யாவற்றிலும் பெரியது நிறுத்துதல். வண்டி 60 இறாத்தலுக்கு மேல், அதன்மேல் இருவர். எடை இருமடங்கானால் பிறேக்கின் வேலையும் இருமடங்கு. வேகமும் இருமடங்கானாலோ அவ்வேலை மேலும் நான்கு மடங்காகும். பழைய கம்பிப் பிறேக்கு உருக்கு றிம்மிலே வெயிற்காலத்தில் ஓரளவு பிடிக்கும்; மழையில் நனைந்தாற் பெரும்பாலும் வழுக்கும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்னரே மெல்லப் பிடித்து, றிம்மிலுள்ள நீரைத் துடைத்து, அதன் பின்பே இறுகப் பிடித்தல் வேண்டும். இதனையெல்லாம் நாம் அறிந்திருந்தோம். அறிந்திருந்தும் 1979ஆம் ஆண்டு கார்த்திகையில் நேர்ந்ததைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தல் நேர்மையாகாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கீரிமலையில் நீராடித் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை விட்டிருந்தது, வீதியெங்கும் வெள்ளம். மல்லாகம் தாண்டியதும் பின்னாலிருந்து நண்பர், "கொழும்புக்கு மாற்றம் கேட்டிருக்கிறீராம். கந்தோரிலை உள்ளவை சொல்லித்தான் எனக்குத் தெரியவேணுமோ?" என்றார். உண்மை அது. பதவி உயர்வோடு மாற்றம் கேட்டு எழுதி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் மனம் நோகுமென்று அஞ்சி மறைத்தோம். மறைத்தது வெளிப்பட்டதும் வெட்கம் உண்டாகாமற் கோபமே உண்டாயிற்று. நாம் மறுமொழி கூறவில்லை. அவரும் பேசவில்லை. அந்த மௌனத்திலே ஒரு மைல் ஓடியிருப்போம்.

வெள்ளம் நிரம்பிய கிடங்கை நாம் காணாமலில்லை. கண்டோம், கடைசி நேரத்தில் ஹாண்டிலை வெட்டி முன்சில்லை விலக்கினோம். ஆனால் இரட்டைச் சைக்கிள் நீளமானது. முன்சில்லு வளைந்து செல்லும் தடத்திலே பின்சில்லு செல்வதில்லை, உட்புறமாகக் குறுக்கே வெட்டிச் செல்லும். முன்சில்லு தப்பிற்று, பின்சில்லு விழுந்தது. 'கிடங்கு' என்ற ஒரு சொல்லை நாம் சொல்லியிருந்தால், அவர் பிடியை இறுக்கி, பெடலில் எழும்பி நின்றிருப்பார். சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தபோது நண்பர் வீதியோரத்து வெள்ளத்திலே கிடந்தார். எதிரே வந்த லொறிக்காரர் விரைந்து நிறுத்தியிராவிட்டால் என்னவாகியிருக்குமென்று இன்றும் இரவிலே விழித்துக்கொண்டு நினைப்பதுண்டு.

இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆசுபத்திரியிலே கட்டுப் போட்டுக் கிடந்தவரருகே நாம் தலைகுனிந்து நின்றோம். வெகுநேரம் பேசாதிருந்தவர், "இரண்டு கிடங்கையும் நீர் எனக்குச் சொல்லேல்லை" என்றார். அவ்வளவே. பின்னர் அவரே, "கை சுகமானவுடனை திரும்பவும் ஏறுவன். ஆனால் கோபமெண்டாலும் வாயைத் திறந்து கோபப்படும் காணும்" என்றார்.

வண்டியைத் திருத்திய முதியவர் எம்மை ஏசவில்லை. மாறாக ஒரு பாடம் வைத்தார். எம் கண்களைச் சால்வையால் இறுகக் கட்டிப் பின்னாசனத்தில் ஏற்றி, தாம் முன்னேறி, ஒன்றும் பேசாமல் சந்தியிலிருந்து குளக்கட்டுவரை ஓட்டினார். ஒரு மைலுக்குக் குறைவான தூரம். மூன்று வருடம் நாள்தோறும் ஓடிய வீதி. அதன் ஒவ்வொரு மதகிலும் எம் உயிர் போய் வந்தது. திரும்பி வரும்போது அவர் வாய் ஓயாமற் சொல்லிக்கொண்டு வந்தார்: "மணல் வருது தம்பி, மாடொண்டு நிக்குது, இனி மட்டம்." அதே வீதி, அதே இருள், ஆயினும் அது வேறு பயணமாயிருந்தது. அன்று முதல் நாம் முன்னாசனத்திலே வாய் மூடி அமர்ந்ததில்லை. முதியவர் இன்னொன்றும் செய்தார். பின்சில்லுக்கு மூன்றாவது பிறேக்கொன்று பூட்டி, அதன் பிடியைப் பின் ஹாண்டிலிலே நண்பர் கைக்கெட்ட வைத்தார். "பின்னுக்கு இருக்கிறவருக்கும் ஒரு சொல் வேணும்" என்பது அவர் நியாயம்.

மாற்றம் கிடைத்தது, 1980இல் கொழும்பு சென்றோம். இம்முறை புறப்படும் நாளையும் திரும்பும் எண்ணத்தையும் நண்பரிடமே முதலிற் சொல்லிச் சென்றோம். திரும்பியது எண்ணியபடியன்று. 1983 ஆடிக் கலவரத்தின்பின், அகதி முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கியபோது, உடுத்த உடையன்றி எம்மிடம் ஒன்றுமிருக்கவில்லை. மறுநாள் நண்பர் வீட்டுக்குப் போனோம். தாழ்வாரத்திலே இரட்டைச் சைக்கிள் நின்றது. றிம்மிலே துருவில்லை, செயினிலே தூசியில்லை, ரயரிலே காற்றுக் குறையவில்லை. மூன்றாண்டும் கைகளாற் பார்த்து, காதுகளாற் கேட்டு, அவர் அதனைப் பேணியிருந்தார்.

அவர் பேணிய முறையை மாணவர்களுக்கென இங்கு எழுதுகின்றோம். கண்ணுடையார்க்கும் அது பயன்படும். பின்சில்லைத் தூக்கிச் சுழற்றிவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாய் நகத்தாற் சுண்டுவார். ஒரு பக்கத்துக் கம்பிகள் யாவும் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று தாழ்ந்து ஒலித்தால் அது தளர்ந்தது. தளர்ந்த கம்பியின் சுமையை அயற்கம்பிகள் ஏற்கும், ஏற்றவை முறியும். சாதாரண ஆங்கிலச் சைக்கிளின் முன்சில்லில் 32 கம்பியும் பின்சில்லில் 40 கம்பியும் இருக்கும். இரட்டைச் சைக்கிளுக்கு இரு சில்லிலும் 40 வேண்டும். 48 கிடைத்தால் மிக நன்று. எம்முடையதில் முன்னும் பின்னும் 40.

செயின் தேய்ந்தால் நீளும். புதிய செயினிலே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அது 12 அங்குலமும் ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பங்குமாக நீண்டுவிட்டால் செயின்வீலின் பற்களையும் அது தின்னத் தொடங்கிவிட்டதென்று கொள்க. நண்பர் மர அடிமட்டமொன்றிலே கத்தியால் இரு வெட்டு வெட்டி வைத்துக்கொண்டு, மாதந்தோறும் தடவி அளப்பார். இடப்பக்கத்துச் செயின் மிகத் தளர்ந்தால் முடக்கிலோ குலுக்கலிலோ கழன்றுவிடும். மிக இறுகினால் குண்டுகள் தேயும். நடுவிலே விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசைய வேண்டும். இரட்டைச் சைக்கிளின் ரயர்களிலே ஒற்றைச் சைக்கிளிலும் கூடுதலாகக் காற்று இருத்தல் வேண்டும். தளர்ந்த ரயரிலே இருவர் ஏறினால் ஒரு கல்லே றிம்மை நெளிக்கும், ரியூப்பைக் கடிக்கும். பிறேக்குக் கட்டைகள் றிம்மிலே முழுமையாகப் படுகின்றனவா என்பதையும், ஒட்டுகளின் அருகே வர்ணத்தில் மயிரிழை போன்ற வெடிப்புண்டா என்பதையும் பார்க்க வேண்டும். அவ்வெடிப்பை நண்பர் விரல் நுனி கண்டது. எம் கண் காணவில்லை. 1984இலே தலைக்குழாயின் கீழே அப்படி ஒன்றை அவர் கண்டறிந்திராவிட்டால், முன்பாகமே பெயர்ந்திருக்குமென்று முதியவர் கூறினார்.

அதே ஆண்டில் மூன்றாவது பிறேக்கும் தன் கடனைத் தீர்த்தது. கொக்குவிலுக்கும் இணுவிலுக்கும் இடையே, இருபுறமும் உயர்ந்த பனையோலை வேலியுள்ள ஒழுங்கை ஒன்று புகையிரதப் பாதையைக் கடக்கும். படலையுமில்லை, காவலுமில்லை. நாம் பேசிக்கொண்டே போனோம். சடுதியாக வண்டி பின்னாலிருந்து இழுபட்டு நின்றது. "நிப்பாட்டும்! கோச்சி வருது!" என்றார் நண்பர். எமக்கு ஒன்றும் கேட்கவில்லை. காற்று எதிர்ப்புறம் வீசியது. ஆயினும் இரு பிறேக்கையும் பிடித்தோம். இருபது எண்ணுவதற்குள் புகையிரதம் எமக்கு முன்னே சில யார் தூரத்திற் கடந்தது. தண்டவாளத்தின் இரைச்சலை அவர் கேட்டிருந்தார். கண்ணுள்ளவர் எல்லாவற்றையும் காண்கின்றார் என்ற எம் செருக்கு அன்று அவ்விடத்திலேயே இறங்கிவிட்டது. 1990இல் நின்ற புகையிரதம் 2014இலே யாழ்ப்பாணத்துக்கும் 2015இலே காங்கேசன்துறைக்கும் மீண்டும் வந்தது. பாதை வெறுமையாய்க் கிடந்த கால் நூற்றாண்டிலே வளர்ந்தவர்க்குக் கடவையில் நின்று செவி கொடுக்கும் பழக்கம் இல்லை. எம் மாணவர்கள் அதனைப் பழகிக்கொள்ள வேண்டும்.

1990ஆம் ஆண்டு முதல் மின்சாரமும் எரிபொருளும் இல்லாத காலத்திலே குடாநாடு முழுவதும் சைக்கிளில் ஓடிற்று. எம் இரட்டைச் சைக்கிள் விறகு சுமந்தது, நோயாளரைச் சுமந்தது. மாலைகளில் அதனைத் தாங்கிலே உயர்த்தி நிறுத்தி, டைனமோவை வானொலியோடு இணைத்து மிதிப்போம். பற்றரி கிடையாத அந்நாளிலே அயலவர் இருபது பேர் சூழ்ந்து பி.பி.சி. தமிழோசை கேட்டது அப்படித்தான். அவ்வேளை மட்டும் நண்பர் முன்னாசனத்தில் அமர்வார். "ஓடாத சைக்கிளுக்கு நான்தான் சாரதி" என்பார். செய்தி நடுவிலே குரல் மங்கினால், "மிதியும்" என்று அவர் எமக்குக் கட்டளையிடுவார்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாளிரவு வலிகாமத்து மக்கள் யாவரும் தென்மராட்சி நோக்கி வெளியேறியபோது, எம் வண்டியும் அக்கூட்டத்தில் இருந்தது. மழை, இருள், இலட்சக்கணக்கானோர் நெருக்குண்டு நகர்ந்த ஒரே வீதி. ஓட்ட இடமில்லை. பின்னாசனத்திலே நண்பரின் முதிய தாயாரை இருத்தி, முன்னாசனத்தில் அரிசிப் பையைக் கட்டி, நாம் முன் ஹாண்டிலைப் பிடித்துத் தள்ளினோம். நண்பர் ஒரு கையால் தாயாரை அணைத்து, மறுகையைப் பின் ஹாண்டிலில் வைத்து நடந்தார். நிற்கும்போதெல்லாம் மூன்றாவது பிறேக்கைப் பிடித்து வண்டியைச் சரியாமல் வைத்திருந்தவர் அவரே. செம்மணியிலிருந்து நாவற்குழிவரை நாம் சொல்லிக்கொண்டே போனோம்: "கிடங்கு. ஆட்கள் நிக்கினம். வலப்பக்கம் வெள்ளம். இனிப் பாலம் துவங்குது." சிறிது நேரத்தில், எம்மைச் சூழ நடந்த முன்பின் அறியாதோரும் அச்சொற்களைக் கேட்டுக் கால் வைப்பதை உணர்ந்தோம். அவ்விருளிலே கண் தெரியாதவர் நண்பர் ஒருவர் மட்டுமல்லர். எமக்குப் பின்னால் வந்த இளைஞர் ஒருவர் எம் சொற்களைத் தமக்குப் பின்னால் வந்தவர்க்குத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். அவருக்குப் பின்னும் யாரோ சொல்லும் குரல் கேட்டது.

1996இலே ஊர் திரும்பினோம். 2005 வரை ஓடினோம்; பின்னர் முழங்கால்கள் மறுத்தன. நண்பர் 2011இலே காலமானார். அதன் பின்பு ஒருமுறை நாம் தனியே அவ்வண்டியில் ஏறிப் பார்த்தோம். பின்னாலே பாரமில்லாத இரட்டைச் சைக்கிள் பிறேக்குப் பிடித்தாற் பின்சில்லு இழுபட்டுச் சறுக்கும். ஒழுங்கை முனைவரை சென்று, இறங்கி, உருட்டிக்கொண்டு திரும்பினோம். முடக்கு வந்தபோது எம் வாய் தானாகவே "முடக்கு" என்று சொல்லிற்று.

1908இல் இலண்டனிலும், பின்னர் 1920 முதல் 1972 வரையும் இரட்டைச் சைக்கிளோட்டம் ஒலிம்பிக் விழாவில் இடம் பெற்றிருந்தது, பின்பு நீக்கப்பட்டது. இன்று பராலிம்பிக் விழாவிலே பார்வை குன்றிய வீரர் பின்னாசனத்திலும் பார்வையுடையார் முன்னாசனத்திலும் அமர்ந்து ஓடுகின்றனர். வெற்றி பெறின் இருவருக்கும் பதக்கம் உண்டு. நண்பர் இதனை அறிந்தபோது, "பின்னுக்கு இருக்கிறவருக்கு இரண்டு குடுக்கவேணும்" என்றார்.

எம் பழைய வண்டியை இந்த விழா ஆண்டிலே கல்லூரிக்கு அளிக்கின்றோம். அது காட்சிப் பொருளாய் நிற்பதை நாம் விரும்பவில்லை. கண்பார்வை குறைந்த மாணவர் எவரேனும் கல்லூரியில் இருப்பின், அவர் பின்னாசனத்தில் ஏறுவாராக. அதிபர் அவர்களிடம் நாம் கேட்டுக்கொள்வன மூன்று. மாதத்தில் ஒரு முறை கம்பியும் செயினும் பிறேக்கும் பார்க்கப்படல் வேண்டும். மழை நாளில் வீதிக்குக் கொண்டு செல்லலாகாது. முன்னாசனத்தில் ஏற விரும்பும் மாணவர் எவராயினும், முதலில் தம் கண்களைக் கட்டிக்கொண்டு பின்னாசனத்திலே ஒரு மைல் இருந்து வருதல் வேண்டும்.

எம்மையும் நண்பரையும் ஒரே வாங்கில் இருத்திய எமது கல்லூரி பல்லாண்டு வாழ்க. வண்டி இப்போது சைக்கிள் கொட்டகையின் வடக்கு மூலையில் நிற்கின்றது. செயினுக்கு எண்ணெய் இட்டிருக்கின்றோம். ரயர் புதியது. மூன்றாவது பிறேக்கின் கட்டைகளையும் மாற்றியிருக்கின்றோம். ஏறுமுன் ஒருமுறை பிடித்துப் பார்த்துக்கொள்க.